வேலையில் இருந்துகொண்டே கணிதம்: ஒரு டெபுடி கலெக்டரை முன்வைத்து

கேள்வி கேட்டிருப்பவர் ஒரு வங்கியில் கடன் பிரிவு அதிகாரி. வயது நாற்பதைத் தாண்டிவிட்டது, பி.எஸ்ஸி. கணிதத்தோடு படிப்பு நின்றது, வீட்டில் எல்லாரும் தூங்கிய பிறகு நம்பர் தியரி புத்தகத்தோடு உட்காருகிறார். "வேலையில் இருந்துகொண்டே கணிதத்தில் சாதித்தவர்கள் யாராவது உண்டா?" என்று எழுதியிருக்கிறார். பெயர்ப் பட்டியலுக்காக யாரும் இப்படிக் கேட்பதில்லை, அது தேடினாலே கிடைத்துவிடும். பேராசிரியரும் இல்லாத, ஆராய்ச்சி மாணவரும் இல்லாத ஒருவர் ராத்திரியில் செலவழிக்கிற இந்த நேரத்துக்கு ஏதாவது பலன் உண்டா, இல்லை தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்கிறோமா என்பதுதான் உள்ளே இருக்கிற கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். அதற்குத்தான் இந்தப் பதில்.

நான் கல்லூரியில் கணிதம் நடத்தி ஓய்வு பெற்றவன். என் பக்கம் பகுவியல் (அனாலிசிஸ்). நம்பர் தியரியில் எனக்குத் தெரிந்தது எம்.எஸ்ஸி. வகுப்புக்குப் பாடம் எடுக்கிற அளவுதான், அதனால் ஆழமான இடங்களில் மேலோட்டமாகத்தான் பேசுவேன். ஆனால் இன்ஜினியர், வக்கீல், தபால் துறைக்காரர் என்று பல வேலைகளில் இருந்தவர்கள் எழுதிய நிரூபணங்கள் வருடக்கணக்காக என் மேஜைக்கு வந்திருக்கின்றன. அவர்களில் யார் முன்னேறினார்கள், யார் ஒரே இடத்தில் சுற்றினார்கள் என்பதைக் கிட்ட இருந்து பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்தை நம்பித்தான் எழுதுகிறேன்.

இந்தக் கேள்விக்கு எல்லாரும் முதலில் ராமானுஜன் பெயரைத்தான் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். அவர் சென்னைத் துறைமுகக் கழகத்தில் 1912 மார்ச் மாதம் 30 ரூபாய் சம்பளத்துக்கு கிளார்க் ஆனது உண்மை, மறு வருடம் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் தன்னை அந்த ஆபீஸின் கணக்குப் பிரிவு குமாஸ்தா என்றே அறிமுகப்படுத்திக்கொண்டதும் உண்மை. ஆனால் அவருக்கு அந்த வேலை சாப்பாட்டுக்கு. மற்ற நேரமெல்லாம், பல நாள் ஆபீஸ் நேரமும்கூட, கணிதம்தான். அடுத்த வருடமே பல்கலைக்கழக உதவித்தொகை வந்ததும் வேலையை விட்டார். உங்களுக்குப் பயன்படுகிற ஆள் அவர் இல்லை. 1910-இல் அவர் யாரிடம் போய் வேலை கேட்டு நின்றாரோ, அந்த அதிகாரி.

வி. ராமசுவாமி ஐயர், 1871-இல் பிறந்தவர், சென்னை மாகாண ரெவின்யூ இலாகாவில் டெபுடி கலெக்டர். டெபுடி கலெக்டர் வேலை என்றால் என்ன என்று பழைய ஆட்களுக்குத் தெரியும்: நில வரி, தாவா, முகாம், மேலதிகாரிக்கு அறிக்கை, இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றல். இதற்கு நடுவில் அவர் வடிவியலில், குறிப்பாக முக்கோணங்களிலும் கூம்பு வெட்டுகளிலும், விடாமல் வேலை செய்துகொண்டிருந்தார். நண்பர்கள் அவரைப் 'புரொபசர்' என்றுதான் கூப்பிடுவார்களாம். கல்லூரிக் காலத்தில் அவர் லண்டனிலிருந்து வந்த 'எஜுகேஷனல் டைம்ஸ்' பத்திரிகைக்குக் கணிதக் குறிப்புகள் அனுப்ப, அங்கிருந்த ஆசிரியர் இவர் ஏதோ பேராசிரியர் என்று நினைத்து அப்படியே விளித்துப் பதில் போட, அந்தப் பட்டம் ஒட்டிக்கொண்டது என்று சொல்வார்கள். இதைக் கதையாக வைத்துக்கொள்ளுங்கள். பட்டம் ஒட்டியது மட்டும் நிச்சயம்.

அவர் செய்த பெரிய காரியம் ஒரு கடிதம். 1906 டிசம்பர் 25 அன்று, கிறிஸ்துமஸ் விடுமுறையில், குத்தியிலிருந்து (இன்றைய ஆந்திராவின் அனந்தபூர் பக்கம், அப்போது அங்கே அவருக்குப் போஸ்டிங்) கணிதத்தில் ஆர்வமுள்ள நண்பர்கள் சிலருக்கு எழுதினார். சாரம் இதுதான்: நாம் ஆளுக்கொரு ஊரில் கிடக்கிறோம், ஐரோப்பாவில் வருகிற புத்தகமும் பத்திரிகையும் நம் கைக்குக் கிடைப்பதில்லை, தனித்தனியாக வாங்க நம் யாராலும் முடியாது. ஆளுக்கு வருடம் 25 ரூபாய் போட்டால் ஒரு சின்ன சங்கம் வைத்து எல்லாவற்றையும் வரவழைக்கலாம், உறுப்பினர்களுக்குள் சுற்றில் விடலாம். 25 ரூபாய் அன்று லேசான தொகை இல்லை, ஐந்தாறு வருடம் கழித்து ராமானுஜன் வாங்கிய ஒரு மாதச் சம்பளம் 30 என்பதை நினைத்துப் பாருங்கள். இருந்தும் ஆட்கள் சேர்ந்தார்கள். 1907 ஏப்ரலில் 20 பேரோடு 'அனலிட்டிக் கிளப்' தொடங்கியது. நூலகம் புனேயில் ஃபெர்குசன் கல்லூரியில் வைக்கப்பட்டது. 1909-இல் சொந்தப் பத்திரிகை. கொஞ்ச நாளில் பெயர் மாறி அதுவே இந்தியக் கணிதவியல் கழகம் ஆனது, இன்றும் இருக்கிறது. ஒரு பல்கலைக்கழகமோ அரசாங்கமோ ஆரம்பித்ததல்ல இது. ஒரு வருவாய்த்துறை அதிகாரி லீவு நாளில் உட்கார்ந்து எழுதிய கடிதத்தில் ஆரம்பித்தது.

1910-இல் அவர் திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டர். ராமானுஜன் நோட்டுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அங்கே போய், தாலுகா ஆபீஸில் ஏதாவது குமாஸ்தா வேலை போட்டுக்கொடுங்கள் என்று கேட்டார். ராமசுவாமி ஐயர் நோட்டைப் பார்த்தார், வேலை கொடுக்கவில்லை. ரெவின்யூ இலாகாவின் கடைசிப் படியில் ஒரு உத்தியோகத்தைக் கொடுத்து இந்தப் பையனின் திறமையை அமுக்கிவிட மனம் வரவில்லை என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். சென்னைக்குச் சிபாரிசுக் கடிதம் கொடுத்து அனுப்பினார். அது பிரசிடென்சி கல்லூரிக் கணிதப் பேராசிரியர் சேஷு ஐயரிடம் போய், அங்கிருந்து நெல்லூர்க் கலெக்டர் ராமச்சந்திர ராவிடம் போய் நின்றது. கலெக்டரும் அதே கழகத்து ஆள்தான், அவரும் கணிதப் பித்து. பிறகு துறைமுகக் கழகம். அங்கே சேர்மன் சர் ஃபிரான்சிஸ் ஸ்ப்ரிங்குக்கு அடுத்த நிலையில் இருந்தவர் எஸ். நாராயண ஐயர், கணக்குப் பிரிவுக்குத் தலைவர், கணிதவியல் கழகத்தின் பொருளாளரும் அவரே. சாயங்காலம் திருவல்லிக்கேணியில் அவரும் ராமானுஜனும் ஆளுக்கொரு சிலேட்டை வைத்துக்கொண்டு உட்காருவார்களாம். இரண்டே வரியில் தாவிப் போகாதே, நடுவில் உள்ள படிகளையும் எழுது, இல்லாவிட்டால் வெளியில் யாருக்கும் புரியாது என்று நாராயண ஐயர் பிடிவாதம் பிடித்தார் என்று சொல்கிறார்கள். ராமானுஜனின் வாழ்க்கை வரலாறுகளில் இந்த மனிதர்கள் துணைப் பாத்திரங்களாக வந்து போய்விடுகிறார்கள். நம் கேள்விக்கு அவர்கள்தான் கதாநாயகர்கள். டெபுடி கலெக்டர், கலெக்டர், சீஃப் அக்கவுண்டண்ட், எல்லாரும் முழுநேர வேலைக்காரர்கள்.

அவர்கள் நடத்திய பத்திரிகையில் என்ன மாதிரி விஷயம் வந்தது என்று ஒன்றைக் காட்டுகிறேன். 1911-இல் ராமானுஜன் அதில் ஒரு கேள்வி போட்டார்: √(1 + 2√(1 + 3√(1 + 4√(1 + … )))) என்று முடிவில்லாமல் போகிற இந்தக் கோவையின் மதிப்பு என்ன? மாதக்கணக்கில் ஒருவரும் விடை அனுப்பவில்லை. விடை 3. எப்படி என்றால், 3 என்பது √9, அதாவது √(1 + 2×4). அந்த 4 என்பது √16, அதாவது √(1 + 3×5). அந்த 5 என்பது √25, அதாவது √(1 + 4×6). இப்படியே 6, 7 என்று உள்ளே போய்க்கொண்டே இருக்கலாம். இவ்வளவுதான், பத்தாம் வகுப்புக் கணிதம். இப்படி உள்ளே போவது உண்மையிலேயே 3-இல்தான் வந்து நிற்கும் என்பதற்குத் தனியாக ஒரு நியாயம் வேண்டும், அது என் பகுவியல் சமாசாரம், கொஞ்சம் வேலை வாங்கும். ஆனால் இந்த மாதிரிக் கேள்வியை ஒரு தாலுகா ஆபீஸ் மேஜையிலும் யோசிக்கலாம், ரயிலிலும் யோசிக்கலாம்.

சரி, ராமசுவாமி ஐயர் தானே கணிதத்தில் பெரிதாக என்ன கண்டுபிடித்தார்? உண்மையைச் சொன்னால், கல்லூரிப் பாடப்புத்தகத்தைப் புரட்டினால் அவர் பெயரில் ஒரு தேற்றமும் எதிர்ப்படாது. வடிவியலில் நேர்த்தியான, சின்னச் சின்ன முடிவுகள். அதைக் குறைவாக நான் நினைக்கவில்லை. பெரும்பாலான பேராசிரியர்களின் கணக்கும் அவ்வளவுதான், என்னுடையதையும் சேர்த்து.

அவருக்கு நேர் எதிரான உதாரணம் பியர் டி ஃபெர்மா. இவரும் அரசு உத்தியோகஸ்தர்தான், பிரான்ஸில் துலூஸ் நகரத்து உயர் நீதிமன்றத்தில் 1631 முதல் சாகும்வரை கவுன்சிலர், அதாவது நீதிபதி மாதிரி. தன் பெயரில் புத்தகம் என்று எதையும் போடவில்லை. பகுமுறை வடிவியலுக்கு டேகார்ட்டோடு சேர்த்து இவரையும் முன்னோடி என்கிறோம், நிகழ்தகவு 1654-இல் பாஸ்கலோடு இவர் நடத்திய கடிதப் போக்குவரத்தில் பிறந்தது, எண் கோட்பாடு என்கிற இன்றைய துறையே இவரிடமிருந்துதான் தொடங்குகிறது. இத்தனையும் கடிதங்களிலும் புத்தக ஓரக் குறிப்புகளிலும். பாஸ்கலை அவர் நேரில் சந்தித்ததே இல்லை. நீதிபதிகள் ஊரோடு ஒட்டாமல் இருக்க வேண்டும் என்று விதி இருந்ததால் சாயங்காலங்கள் அவருக்கு ஓய்வாகக் கிடைத்தன என்று பிரபலமான புத்தகங்கள் சொல்லும். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஏனென்றால் 1660-களில் மாகாண அதிகாரி ஒருவர் மேலிடத்துக்கு அனுப்பிய ரகசிய அறிக்கையில் ஃபெர்மாவைப் பற்றி, பெரிய படிப்பாளி, ஆனால் கவனம் வேறெங்கோ இருக்கிறது, வழக்குகளைச் சரியாக அறிக்கை பண்ணுவதில்லை, குழப்புகிறார் என்கிற அர்த்தத்தில் எழுதியிருக்கிறார். வருடாந்திர மதிப்பீட்டில் இப்படி ஒன்று வாங்குவதற்கு நீங்கள் தயாரா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஃபெர்மாவின் புகழ்பெற்ற ஓரக் குறிப்பு, xⁿ + yⁿ = zⁿ என்பதற்கு n இரண்டுக்கு மேல் போனால் நேர் முழு எண்களில் விடையே இல்லை, இந்த ஓரத்தில் இடம் போதாத அற்புதமான நிரூபணம் என்னிடம் இருக்கிறது என்கிற அது, அவர் இறந்த பிறகு 1670-இல் மகன் வெளியிட்ட பதிப்பில் வந்தது. நிரூபணம் உண்மையில் இருந்ததா? நான்காம் அடுக்குக்கு அவரிடம் இருந்தது நிச்சயம். பொதுவான நிரூபணம் இருந்திருக்காது என்பது பெரும்பாலான கணிதவியலாளர்களின் கருத்து. பின்னாளில் அவர் கடிதங்களில் மூன்றாம், நான்காம் அடுக்குகளை மட்டும்தான் பிறருக்குச் சவாலாக விடுகிறார், பொதுவான கூற்றைப் பற்றிப் பேச்சே இல்லை. ஆகவே தானே ஓட்டையைப் பார்த்துவிட்டு ஓரத்தை அழிக்காமல் விட்டுவிட்டார் என்று நினைக்க இடமிருக்கிறது. ஆனால் இது ஊகம்தான்.

ஊகம் இல்லாத இன்னொரு விஷயம் உண்டு. 3, 5, 17, 257, 65537 என்று போகிற எண்கள், அதாவது 2-ஐ 1, 2, 4, 8, 16 என்ற அடுக்குகளுக்கு உயர்த்தி ஒன்று கூட்டியவை, எல்லாமே பகா எண்கள் என்று ஃபெர்மா உறுதியாக நம்பினார். நிரூபிக்க முடியவில்லை என்பதையும் ஒப்புக்கொண்டு பல பேருக்கு எழுதினார். அடுத்த எண் 2³² + 1, அதாவது 4294967297. இது பகா எண் இல்லை, 641-ஆல் வகுபடும் என்று ஆய்லர் 1732-இல் காட்டினார். இதை ஒரு கவரின் பின்பக்கத்தில் சரிபார்த்துவிடலாம். 641 என்பது 5×2⁷ + 1. ஆகவே 641-ஆல் வகுக்கிற கணக்கில் 5×2⁷ என்பதும் −1 என்பதும் ஒன்று. நான்காம் அடுக்கு எடுத்தால் 5⁴×2²⁸ என்பது 1. ஆனால் 641 என்பது 625 + 16, அதாவது 5⁴ + 2⁴-உம்கூட, அதனால் 5⁴ இருக்கிற இடத்தில் −2⁴ போடலாம். −2³² என்பது 1 என்று ஆகிறது, அதாவது 2³² + 1 மீதியே இல்லாமல் வகுபடுகிறது. இந்த எண்ணின் வகு எண்கள் 64-இன் மடங்கோடு ஒன்று கூட்டியதாகத்தான் இருக்க முடியும், அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என்று வரும், ஐந்தாவதிலேயே மாட்டிவிடும். ஃபெர்மாவே இதே மாதிரி உபாயத்தை வேறு எண்களுக்குப் பயன்படுத்தியவர். அவர் எழுதிய கடிதங்கள் போன இடத்திலிருந்து ஒருவரும் பிழையைச் சுட்டிக்காட்டவில்லை, அவர் கடைசிவரை அந்த நம்பிக்கையிலேயே இருந்தார். அவ்வளவு பெரிய மூளைக்கும், 'எங்கே, வகுத்துப் பார்ப்போமா' என்று கேட்கிற ஓர் ஆள் வேண்டியிருந்திருக்கிறது.

ஆர்தர் கேலியைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. லண்டனில் 14 வருடம் வக்கீல், சொத்துப் பத்திரம் எழுதுகிற வகை. அந்தக் காலத்திலேயே இருநூறுக்கு மேல் ஆய்வுக் கட்டுரைகள், அணிகளை (மேட்ரிக்ஸ்) பற்றிய 1858-ஆம் வருடத்துக் கட்டுரை உட்பட. வேண்டிய அளவுக்கு மேல் கேஸ் எடுக்க மாட்டார். 1863-இல் கேம்பிரிட்ஜில் பேராசிரியர் பதவி வந்தபோது வருமானம் குறையும் என்று தெரிந்தே போனார். அவருக்குப் பக்கபலம் சில்வெஸ்டர், அவரும் அப்போது இன்சூரன்ஸ் கம்பெனியில் ஆக்சுவரி, அதோடு சட்டமும் படித்தவர். இரண்டு பேரும் வக்கீல்கள் நடமாடுகிற லிங்கன்ஸ் இன் பகுதியில் நடந்துகொண்டே மாற்றமிலிக் கோட்பாடு (இன்வேரியண்ட் தியரி) பேசினார்கள். கேலி மேதை, அவரை அளவுகோலாக வைத்துக்கொள்ளாதீர்கள். பேச ஒரு ஆள் பக்கத்தில் இருந்ததை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் அந்தக் காலம், இன்று கணிதம் எங்கேயோ போய்விட்டது, வெளியாள் நுழைய முடியுமா என்று கேட்பீர்கள். பெரும்பாலான துறைகளில் முடியாது, இதை மழுப்ப விரும்பவில்லை. ஆனால் சில மூலைகள் இன்னும் திறந்துதான் இருக்கின்றன. மார்ஜரி ரைஸ் என்று அமெரிக்காவில் சான் டியாகோவில் ஒரு இல்லத்தரசி, பள்ளிக்கூடக் கணிதத்துக்கு மேல் படிக்காதவர். மகனுக்காக வாங்கிய 'சயன்டிஃபிக் அமெரிக்கன்' பத்திரிகையில் 1975-இல் மார்ட்டின் கார்ட்னர் எழுதிய பகுதியைப் படித்தார். உட்குழிவு இல்லாத ஒரே வடிவ ஐங்கோணத்தைக் கொண்டு இடைவெளியே இல்லாமல் தரை பாவ எத்தனை வகை உண்டு என்பது பிரச்சினை. முழுப் பட்டியலும் கிடைத்துவிட்டது என்று 1968-இல் ஒருவர் அறிவித்திருந்தார், கார்ட்னர் எழுதிய பிறகு ஒரு வாசகர், கம்ப்யூட்டர்க்காரர், புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்து அனுப்பினார். ரைஸ் சமையலறை மேடையில் படம் போட்டுப் போட்டு, தனக்கென்று ஒரு குறியீட்டு முறையை உண்டாக்கிக்கொண்டு, 1977-க்குள் நான்கு புது வகைகளைக் கண்டுபிடித்தார். யாராவது வந்தால் படங்களை மூடி வைத்துவிடுவாராம். அவர் கார்ட்னருக்கு எழுத, கார்ட்னர் அதை டோரிஸ் ஷாட்ஷ்னைடர் என்ற கணிதப் பேராசிரியைக்கு அனுப்ப, அந்த அம்மாள் அந்த விநோதக் குறியீட்டைப் பொறுமையாகப் படித்துப் புரிந்துகொண்டு சரி என்றார். பட்டியல் 15 வகையோடு முடிகிறது என்று 2017-இல்தான் கம்ப்யூட்டர் உதவியோடு நிரூபித்தார்கள்.

இன்னும் சமீபத்தில், 2022 நவம்பரில், இங்கிலாந்தில் டேவிட் ஸ்மித் என்ற ஓய்வு பெற்ற அச்சுத் தொழில் டெக்னீஷியன் தொப்பி மாதிரி ஒரு 13 பக்க வடிவத்தைக் கண்டுபிடித்தார். அதை அட்டையில் வெட்டி அடுக்கிப் பார்த்தார். தரை முழுக்கப் பாவுகிறது, ஆனால் ஒரே டிசைன் திரும்பத் திரும்ப வரவே மாட்டேன் என்கிறது. இப்படி ஒரே ஓடு உண்டா என்பது பல பத்தாண்டுகளாக நின்ற கேள்வி. அவர் கிரேக் கேப்லன் என்ற கம்ப்யூட்டர் அறிவியல் பேராசிரியருக்கு எழுதினார், இன்னும் இரண்டு பேர் சேர்ந்தார்கள், 2023 மார்ச்சில் நால்வர் பெயரிலும் நிரூபணம் வந்தது. கண்டுபிடித்த கண் ஸ்மித்துடையது. நிரூபணத்தைக் கட்டியெழுப்ப மற்றவர்களும் வேண்டியிருந்தார்கள். அவர் பெயர்தான் முதலில் இருக்கிறது.

யாரும் படித்துச் சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு கர்ட் ஹீக்னர். பெர்லின்காரர், ரேடியோ இன்ஜினியரிங் தெரிந்தவர், பள்ளி ஆசிரியராகவும் இருந்தவர், பல்கலைக்கழகப் பதவி கிடையாது. காஸ் காலத்திலிருந்து நின்ற ஒரு கேள்விக்கு 1952-இல் நிரூபணம் வெளியிட்டார். எளிமையாகச் சொன்னால், பகாக் காரணிகளாக ஒரே விதத்தில்தான் பிரிக்க முடியும் என்கிற நல்ல குணம் எந்தெந்தக் கற்பனை இருபடி எண் தொகுதிகளுக்கு (√−1, √−2 மாதிரி ஒன்றைச் சாதாரண எண்களோடு சேர்த்தால் வருபவை) உண்டு என்பது கேள்வி, வர்க்கமூலத்துக்குள் கழித்தல் குறியோடு வருகிற எண் 1, 2, 3, 7, 11, 19, 43, 67, 163 என்ற ஒன்பதோடு சரி என்பது விடை. கட்டுரை படிக்கக் கடினம், நடுவில் ஓட்டை இருப்பதாகப் பட்டது, யாரும் மேற்கொண்டு உட்கார்ந்து பார்க்கவில்லை. 1965-இல் இறந்துபோனார். அதற்கடுத்த இரண்டு வருடத்துக்குள் பேக்கரும் ஸ்டார்க்கும் தனித்தனியே அதே முடிவை நிரூபித்தார்கள். பிறகு ஸ்டார்க் பழைய கட்டுரையைத் திரும்பப் படித்துவிட்டு, ஹீக்னர் அடிப்படையில் சரி, ஓட்டை சின்னது, அடைத்துவிடலாம் என்று எழுதினார். இன்று 'ஹீக்னர் எண்கள்' என்றே பெயர், ஆனால் அவர் அதைப் பார்க்கவில்லை. பதவி இல்லாததால்தான் ஒதுக்கினார்கள் என்று சிலர் சொல்வதை நான் முழுதாக ஒப்புக்கொள்ள மாட்டேன். எழுதிய விதத்துக்கும் அதில் பங்கு உண்டு. நாராயண ஐயர் மாதிரி ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, நடுப்படிகளை எழுது என்று சொல்லியிருந்தால் கதை மாறியிருக்கலாம்.

இனி உங்கள் விஷயம். என் மேஜைக்கு வந்த நிரூபணங்களில் பெரும்பாலானவை இன்னும் தீராத கோல்ட்பாக், கொலாட்ஸ் ஊகங்கள், ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்துக்கு 'எளிய' நிரூபணம், அப்புறம் அளவுகோலும் கவராயமும் வைத்துக் கோணத்தை மூன்றாகப் பிரிப்பது. கடைசியாகச் சொன்னது முடியவே முடியாது என்று 1837-லேயே நிரூபித்தாகிவிட்டது, இருந்தும் வந்துகொண்டே இருக்கிறது. எழுதியவர்கள் முட்டாள்கள் இல்லை, சிலர் அபாரமான புத்திசாலிகள். ஆனால் தனியாகப் பல வருடம் உட்கார்ந்து, யாரிடமும் காட்டாமல், முழுசாக முடித்துவிட்டுத்தான் வெளியே எடுப்பேன் என்று இருந்தவர்கள். மூன்றாம் பக்கத்தில் ஒரு பிழை இருக்கும், அதைக் காட்டினால் கோபம் வரும், வருடக்கணக்கான உழைப்பல்லவா. முன்னேறியவர்களோ அரைப் பக்கமாக, பாதி யோசனையாகக் கொண்டுவந்து காட்டினார்கள். தப்பு என்றால் சிரித்துக்கொண்டே எடுத்துப் போனார்கள். எனக்குத் தெரிந்த வித்தியாசம் இதுதான், திறமையில் பெரிய வித்தியாசத்தை நான் பார்க்கவில்லை.

ஆகவே உங்களுக்கு முதலில் வேண்டியது படித்துப் பதில் சொல்கிற ஆள். ராமசுவாமி ஐயர் 25 ரூபாய் வசூலித்து உண்டாக்கியது இன்று ஓசியில் கிடைக்கிறது. ஆய்வுக் கட்டுரைகள் ஆர்க்கைவ் தளத்தில் இலவசம், கேள்வி கேட்க மேத் ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் இருக்கிறது, நீங்கள் கண்ட எண் வரிசை ஏற்கெனவே தெரிந்ததா என்று பார்க்க ஸ்லோன் தொடங்கிய எண் தொடர் கலைக்களஞ்சியம் இருக்கிறது. இந்தியக் கணிதவியல் கழகத்தின் 'மேதமேடிக்ஸ் ஸ்டூடண்ட்' இதழில் கணக்குப் பகுதி உண்டு, அதற்கு விடை எழுதி அனுப்பிப் பழகுங்கள். சென்னையில் இருப்பதாகச் சொல்கிறீர்கள், தரமணி கணித அறிவியல் நிறுவனத்தில் பொதுமக்களுக்கான உரைகள் நடக்கும்போது போய் உட்காருங்கள், பாதி புரியாது, எங்களுக்கும் புரியாது. துறையைப் பொறுத்தவரை, எண்களின் சேர்க்கை விளையாட்டுகள், கிராஃப் (புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும்), தரை பாவுதல், அடிப்படை வடிவியல் மாதிரி, பிரச்சினையைப் புரிந்துகொள்ள ஐந்து வருடப் படிப்பு தேவைப்படாத இடங்களில் நில்லுங்கள். இயற்கணித வடிவியல் பக்கம் ராத்திரி இரண்டு மணி நேரத்தை வைத்துக்கொண்டு போவதை நான் ஆதரிக்க மாட்டேன். படிக்கலாம், சந்தோஷமாகப் படிக்கலாம், ஆனால் புதிதாகச் செய்வது வேறு.

கேள்விக்கு அடியில் ஒரு வரி சேர்த்திருந்தீர்கள்: அடுத்தடுத்த நான்கு எண்களைப் பெருக்கி ஒன்று கூட்டினால் எப்போதும் வர்க்க எண் வருகிறது, இது புதிதா என்று. புதிதில்லை, பழைய முடிவு. முதல் எண்ணின் வர்க்கத்தோடு அதன் மும்மடங்கையும் ஒன்றையும் கூட்டி, அதை வர்க்கப்படுத்தினால் உங்கள் எண் வந்துவிடும். ஆனால் நீங்களாகக் கண்டுபிடித்ததால் அடுத்த அடியைச் சொல்கிறேன். ஒன்றிலிருந்து ஓர் எண்வரை எல்லாவற்றையும் பெருக்குவது தொடர்பெருக்கம், அதை ! போட்டு எழுதுவோம். 4! + 1 = 25 = 5², 5! + 1 = 121 = 11², 7! + 1 = 5041 = 71². இப்படி வேறு எண் உண்டா என்று பிரெஞ்சுக்காரர் பிரோக்கார் 19-ஆம் நூற்றாண்டில் கேட்டார், 1913-இல் ராமானுஜன் நம் கழகத்துப் பத்திரிகையில் அதையே கேட்டார். நூறு கோடிவரைக்கும், அதற்கு மேலும் கம்ப்யூட்டரில் தேடிவிட்டார்கள், வேறு எதுவும் அகப்படவில்லை, நிரூபணமும் இல்லை. இப்போது பாருங்கள்: 4! என்பது 1×2×3×4. 5! என்பது 2×3×4×5. 7! என்பது 7×8×9×10. மூன்றுமே உங்கள் வகை. பிரோக்காரின் முழுப் பிரச்சினையைத் தொடாதீர்கள், பெரிய ஆட்களே தொட்டுவிட்டு விட்டிருக்கிறார்கள். ஒரு தொடர்பெருக்கம் அடுத்தடுத்த நான்கு எண்களின் பெருக்கமாக வேறு எப்போது வரும் என்று, முதலில் சின்ன எண்களுக்குக் கையால், பிறகு எந்தப் பகா எண் எங்கே போய் உட்கார வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். எழுதுகிற வரைக்கும் எழுதி, பாதியில் நின்றாலும் பரவாயில்லை, இதே இடத்தில் போடுங்கள். நான் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் பார்ப்பேன்.